கல்வராயன் மலைச் சாராயம்

கல்வராயன் மலைச் சாராயம் என்பது தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதனை ஒட்டிய சேலம், திருவண்ணாமலை மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளிலும் பரவியுள்ள கல்வராயன் மலையில், வெல்லத்தை நொதிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கப்படும் மதுபானம் ஆகும். மரப்பட்டை சேர்க்கப்படுவதால் இது பட்டைச் சாராயம் என்றும் அழைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் உரிமம் இன்றிச் சாராயம் காய்ச்சுவதும், விற்பதும், வைத்திருப்பதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன் கீழ் குற்றமாகும். ஆகவே சட்டத்தின் பார்வையில் இது கள்ளச்சாராயம் ஆகும்.

2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரில் 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிகழ்வுக்குப் பின்னர் இம்மலையின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. எனினும் அம்மரணங்களுக்குக் காரணமான நஞ்சு மெத்தனால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் ஆகும். மலையில் வெல்லத்திலிருந்து வடிக்கப்படும் சாராயமும், மெத்தனால் கலந்து நகரில் விற்கப்பட்ட நீர்மமும் செய்திகளில் ஒரே பெயரால் குறிக்கப்பட்டதால், இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

இடமும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி ஆகும். சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியன இதன் அண்டை மலைகள். வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும், உயரம் கூடிய தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கப்படுகின்றன. கோமுகி ஆறு இம்மலையில் தோன்றுகின்றது. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை ஆகும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தொடங்கப்பட்டது.

இங்கு வாழும் பெரும்பான்மை மக்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழே. கேரளத்து மலையாளிகளுடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாமை, மரவள்ளி, நெல் ஆகியவற்றைப் பயிரிடுவதும், கடுக்காய், தேன், புளி முதலிய காட்டு விளைபொருள்களைச் சேகரிப்பதும் இவர்களின் வழமையான தொழில்கள். வேலை தேடிப் பிற மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்வோரும் பலர்.

இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. ஜாகீர் முறை 1976-ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை சமவெளிக்கு வந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே மலைக்கு வந்தமைக்கு இது ஒரு முக்கியமான காரணம் எனலாம். சாலை இல்லாத பள்ளத்தாக்கு, வற்றாத ஓடை, கைக்கெட்டும் விறகு, வேறு வருமானம் இன்மை ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் சாராய அடுப்பு தோன்றுவது வியப்புக்குரியது அன்று.

வரலாறு

மலைவாழ் மக்கள் மது வடித்து உண்டமை சங்க இலக்கியங்களில் பரவலாகக் குறிக்கப்படுகின்றது. கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கம் (செங்கண்மா) பகுதியை ஆண்ட நன்னனைப் பற்றிய மலைபடுகடாம், மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைப் பற்றிக் கூறுகின்றது. ஆனால் கள், தேறல், தோப்பி ஆகியன நொதிக்கவைத்த பானங்களே. அவற்றில் எதனாலின் அளவு குறைவு. ஆவியாக்கிக் குளிரவைக்கும் முறையால் பெறப்படும் சாராயம் பிற்காலத்தது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் சாராயமும் கள்ளும் ஆயத்தீர்வைக்கு உட்பட்டவையாக இருந்தன. சாராயம் காய்ச்சும் உரிமை அரசிடம் பணம் கட்டியவர்களுக்கே உரியது என்பதால், வீட்டில் காய்ச்சுவது அப்பொழுதே குற்றமாகியிருந்தது. இராசகோபாலாச்சாரி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று இந்தியாவிலேயே முதன்முறையாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்திலும், கிழக்குச் சரிவு அன்றைய தென்னாற்காடு மாவட்டத்திலும் இருந்தன. எனவே மதுவிலக்கின் முதல் எல்லைக்கோடு இம்மலையின் மீதே சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

அதன் பின்னர் அரசின் கொள்கை பலமுறை மாறியது. 1971-இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981-இல் ம. கோ. இராமச்சந்திரன் அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) தொடங்கப்பட்டது. 1987 முதல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடைசெய்யப்பட்டன. 1990-இல் மலிவுவிலை மது அறிமுகப்படுத்தப்பட்டு, 1991-இல் செ. ஜெயலலிதா அரசால் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் வசம் வந்தது. அதாவது உரிமம் பெற்ற சாராயம் 1991-க்குப் பின் தமிழ்நாட்டில் இல்லை. கடையில் கிடைப்பது பிராந்தி, விசுக்கி, ரம், பீர், வைன் முதலியன மட்டுமே. கடைச் சரக்கின் விலை நாட்கூலியின் பெரும்பகுதியை விழுங்குவதால், அதிலும் மலிவான ஒன்றுக்கான தேவை ஒருபோதும் மறையவில்லை. மலைச் சாராயம் சமவெளிக்கு இறங்கியது இத்தேவையினாலேயே ஆகும்.

தயாரிப்பு முறை

சாராயத் தயாரிப்பு இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலாவது ஊறல், இரண்டாவது காய்ச்சுதல்.

வெல்லத்தை நீரில் கரைத்து, வெள்வேல மரத்தின் பட்டை, கடுக்காய் ஆகியவற்றை இடித்துச் சேர்த்துச் சில நாட்கள் மூடிவைத்துப் பெறப்படும் புளித்த கரைசலே ஊறல் எனப்படும். முற்காலத்தில் மண்பானைகளில் ஊறல் போடப்பட்டது. பிற்காலத்தில் நெகிழி பேரல்களும் சின்டெக்ஸ் தொட்டிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. பேரல்கள் ஓடைக்கரையில் குழி தோண்டிப் புதைக்கப்பட்டு இலைதழைகளால் மறைக்கப்படுவதுண்டு. காவல்துறையினர் மலையில் அழித்ததாக அறிவிக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர் என்பது பெரும்பாலும் இந்த ஊறலே ஆகும், வடித்த சாராயம் அன்று. செய்தித்தாள் வாசகர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவது வழக்கம்.

ஊறலில் நிகழ்வது நொதித்தல் ஆகும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை எதனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றது. ஊறல் நுரைத்துப் பொங்குவதற்கு இவ்வளியே காரணம். பிரான்சு நாட்டுச் சாம்பேன் புட்டியில் அடைத்துவைக்கப்படுவதும் இதே வளிதான். ஊறலில் அது காற்றோடு போய்விடுகின்றது. கோட்பாட்டின்படி 1 கிலோகிராம் தூய சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ 540 கிராம், அதாவது 680 மில்லிலிட்டர் எதனால் கிடைக்கலாம். வெல்லத்தில் ஈரமும் பிற பொருட்களும் இருப்பதாலும், நொதித்தல் முழுமையடையாததாலும் நடைமுறையில் கிடைப்பது இதனினும் மிகக் குறைவு. எதனாலின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டும்பொழுது ஈஸ்ட் தானே செயலிழந்துவிடுவதால், ஊறலை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது சாராயம் ஆகிவிடாது. காய்ச்சுதல் தேவைப்படுவது இதனால்தான்.

பட்டையும் கடுக்காயும் போதைக்காகச் சேர்க்கப்படுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. இவற்றில் போதைதரும் பொருள் எதுவும் இல்லை. இவை தனின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்தவை. தனின் புரதங்களுடன் பிணைந்து அவற்றை அடியில் படியச் செய்யும்; ஊறலைப் புளிக்காடியாக்கும் சில பாக்டீரியங்களின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்தும். தமிழ்நாட்டின் தோல் பதனிடும் தொழிலில் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் பயன்பட்டதற்கும் தனினின் இதே பண்பே காரணம். தோலில் உள்ள கொலாசன் என்னும் புரதத்தை அது இறுகச் செய்கின்றது. மலையில் கடுக்காய் தாராளமாகக் கிடைப்பதும் அதன் பயன்பாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

காய்ச்சுதலில் ஊறல் சூடாக்கப்பட்டு, எழும் ஆவி குளிர்விக்கப்படுகின்றது. எதனாலின் கொதிநிலை 78.4 பாகை செல்சியசு, நீரினது 100 பாகை. எனவே முதலில் எழும் ஆவியில் எதனாலின் விகிதம் கூடுதலாக இருக்கும். பழைய முறையில் பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். அடிப்பானையில் ஊறல், நடுப்பானையில் வடிநீரை ஏந்தும் ஏனம், உச்சியில் குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரம். ஆவி உச்சிப் பாத்திரத்தின் அடிப்புறத்தில் பட்டுக் குளிர்ந்து ஏனத்தில் சொட்டும். மேல்நீர் சூடானதும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதால் ஓடைக்கரையே அடுப்புக்கு உரிய இடமாக அமைந்தது. பிற்காலத்தில் தகர டிரம்மும் குழாயும் இவற்றின் இடத்தைப் பிடித்தன. வடித்த சாராயம் லாரி டியூப்களிலும் கேன்களிலும் அடைக்கப்பட்டு, ஒற்றையடிப் பாதைகளின் வழியே அடிவாரத்துக்குக் கொண்டுசெல்லப்படும். அங்கிருந்து சிறு நெகிழிப் பைகளில் பாக்கெட் சாராயமாகப் பிரிக்கப்படும்.

இவ்வாறு வடிக்கப்படும் சாராயமும் பாதுகாப்பானது எனக் கூற இயலாது. செறிவு ஒவ்வொரு முறையும் மாறுபடும்; கலன்களிலிருந்து ஈயம் போன்ற உலோகங்கள் கலக்கலாம்; போதையைக் கூட்டுவதாக நம்பி வேறு பொருட்களைச் சேர்ப்பதும் உண்டு. தொடர்ந்து அருந்துவோருக்குக் கல்லீரல் நோய் முதலிய எல்லா மதுபானங்களுக்கும் உரிய கேடுகள் நேரும். ஆயினும் ஒரே இரவில் ஒரு தெரு முழுவதையும் பார்வையிழக்கச் செய்யும் ஆற்றல் வெல்லச் சாராயத்துக்கு இல்லை.

மெத்தனால் கலப்பு

முதலில் வடியும் சாராயத்தில் மெத்தனால் இருப்பதாகவும், அதைக் கொட்டாமல் விற்பதே நச்சுச் சாவுகளுக்குக் காரணம் என்றும் ஒரு கருத்து நிலவுகின்றது. இது சரியன்று. நொதித்தலில் மெத்தனால் தோன்றுவது பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டின் என்னும் பொருளிலிருந்து ஆகும். வெல்லத்தில் பெக்டின் இல்லை என்றே கூறலாம். ஆகவே வெல்ல ஊறலில் தோன்றும் மெத்தனால் மிகச் சொற்பம். இந்தியாவில் பெருந்திரள் சாவுகளை விளைவித்த மெத்தனால், வண்ணப்பூச்சு, மெருகெண்ணெய், வேதிப்பொருள் ஆலைகளுக்கென உற்பத்தி செய்யப்பட்டு, வழியில் திருடப்பட்டோ கள்ளத்தனமாக விற்கப்பட்டோ சாராய வணிகர்களின் கைக்கு வந்ததாகும்.

இக்கலப்பின் பின்னுள்ள கணக்கு எளியது. ஊறலுக்குப் பல நாட்களும், வெல்லமும், விறகும், மலையும் வேண்டும்; புகை காட்டிக்கொடுக்கும். மெத்தனாலுக்கு ஒரு கேனும் தண்ணீரும் போதும். நகரின் நடுவே ஒரு வீட்டின் பின்கட்டிலேயே கலந்துவிடலாம். மலையில் ஊறல்களை அழிப்பதை மட்டுமே வெற்றியாகக் கணக்கிடும் நடவடிக்கை, தேவை குறையாத நிலையில், விற்பவரை இந்த எளிய வழியை நோக்கித் தள்ளக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது.

மெத்தனாலும் எதனாலும் நிறமற்றவை. மணத்தாலோ சுவையாலோ குடிப்பவர் அவற்றை வேறுபடுத்தி அறிய முடியாது. விரலில் தொட்டு எரித்துப் பார்ப்பது, கொதிக்கவைப்பது போன்ற நாட்டுச் சோதனைகள், இரண்டும் நீரும் கலந்த நீர்மத்தில் நம்பத்தக்கவை அல்ல. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

உடலில் மெத்தனால் முதலில் பார்மால்டிகைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றப்படுகின்றது. பார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. குருதியின் அமிலத்தன்மை உயர்கின்றது. பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளுள் ஒன்று. சுமார் 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கவும், 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கவும் போதுமானதாகலாம் என மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

அறிகுறிகள் உடனே தோன்றுவதில்லை என்பதே இந்நஞ்சின் கொடுமை. அருந்தியவருக்கு முதலில் வழக்கமான போதை மட்டுமே இருக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, மூச்சிரைப்பு, கண்முன் வெண்பனி படர்ந்தாற்போன்ற மங்கல் ஆகியன தொடங்கும். எதனாலும் சேர்ந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். இதனால் முந்தைய நாள் குடித்ததை யாரும் காரணமாக எண்ணுவதில்லை; வயிற்றுப்போக்கு என்றோ, குடித்த மயக்கம் என்றோ வீட்டிலேயே கிடத்திவிடுகின்றனர்.

எதனாலும் மெத்தனாலும் கல்லீரலில் ஒரே நொதியால் சிதைக்கப்படுகின்றன. அந்நொதியைத் தடுத்துவிட்டால் மெத்தனால் நஞ்சாக மாறாமல் வெளியேறும். போமெபிசோல் என்னும் ஊசிமருந்து இதற்காகவே பயன்படுகின்றது. அது கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் எதனாலையே அளவிட்டுச் செலுத்துவதுண்டு. இதைக் கேள்வியுற்று மேலும் மது அருந்துவது மருத்துவம் ஆகாது. சோடியம் பைகார்பனேட்டு செலுத்துதல், போலினிக் அமிலம், குருதி ஊடுபிரித்தல் (டயாலிசிசு) ஆகியன பிற சிகிச்சைகள். ஒரே இடத்தில் வாங்கி அருந்தியவர்களுள் ஒருவருக்கு அறிகுறி தோன்றினால், நலமாக இருப்பதாகத் தோன்றும் ஏனையோரும் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மருத்துவரிடம் சாராயம் அருந்தியதை மறைக்கக் கூடாது.

2024 கள்ளக்குறிச்சி நிகழ்வு

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் 2024 சூன் 18 அன்று பாக்கெட் சாராயம் அருந்திய பலர் அன்றிரவு முதல் உடல்நலம் குன்றினர். மறுநாள் முதல் இறப்புகள் நிகழ்ந்தன. மாதவச்சேரி, சேஷசமுத்திரம் முதலிய ஊர்களிலும் பலர் பாதிக்கப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் நாட்கூலித் தொழிலாளர்கள், பெண்களும் இருந்தனர். தாய், தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளும் உண்டு. முதலில் இறந்தவர்களின் துக்க வீட்டுக்கு வந்தோரும் அதே சாராயத்தை அருந்தியதாகச் செய்திகள் வெளியாயின. தொடக்கத்தில் இறப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணம் அன்று என்று மாவட்ட நிர்வாகத் தரப்பில் கூறப்பட்டது பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. மேலே கூறிய 12 முதல் 24 மணி நேர இடைவெளியை நினைவிற்கொண்டால், அந்த ஒரு நாளின் அருமை விளங்கும்.

இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி சிப்மரிலும் சேர்க்கப்பட்டனர். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது ஆய்வில் உறுதியானது. மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் கண்காணிப்பாளரும் மதுவிலக்குப் பிரிவு காவலர்கள் பலரும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

2024 சூன் 29 அன்று தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துக்கான திருத்த முன்வடிவு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் இறப்பு நேர்ந்தால், குற்றவாளிக்கு ஆயுள் வரையிலான கடுங்காவல் தண்டனையும், 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்க இத்திருத்தம் வழிசெய்தது. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை நடுவண் புலனாய்வுச் செயலகத்துக்கு (சிபிஐ) மாற்றியது. இதனை எதிர்த்த தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு திசம்பரில் தள்ளுபடி செய்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் இறந்தனர். அப்பொழுதே தமிழ்நாடு காவல்துறைத் தலைமை, அவர்கள் அருந்தியது காய்ச்சிய சாராயம் அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அறிவித்தது. 2001-இல் பண்ருட்டிப் பகுதியிலும், 2008-இல் கர்நாடகம், தமிழ்நாடு எல்லைப் பகுதியிலும் இத்தகைய பெருந்திரள் சாவுகள் நிகழ்ந்துள்ளன. மெத்தனாலின் இருப்பையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் 1959 முதலே உள்ளன என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும்.

மலையில் தாக்கம்

நிகழ்வுக்குப் பின்னர் கல்வராயன் மலையில் காவல்துறையின் தேடுதல் பலமடங்கானது. ஏராளமான ஊறல்கள் அழிக்கப்பட்டன. மலைவாழ் மக்கள் அனைவரும் சாராயம் காய்ச்சுவோர் என்னும் பொதுப்பார்வை செய்திகளின் வழியே வலுப்பெற்றது. வேளாண்மையையும் வெளியூர்க் கூலி வேலையையும் நம்பி வாழும் பெரும்பாலோருக்கு இது இழுக்காக அமைந்தது.

இச்சூழலில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில், கல்வராயன் மலை மக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி, குடும்ப அட்டை முதலியவை குறித்து அரசிடம் அறிக்கைகள் கேட்கப்பட்டன. மலைக்கிராமங்களை இணைக்கும் சாலைகளும், அவற்றில் அரசுப் பேருந்தும் இவ்வழக்கில் மீண்டும் மீண்டும் எழுந்த கோரிக்கைகளாகும்.